பழைய லேப்டாப் வாங்குமுன் பழைய ரசீதைக் கேளுங்கள்

கல்லூரிகள் திறக்கும் காலம் வந்துவிட்டால் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புதிய செலவு வந்து வாசலில் நிற்கிறது. பி.யு.சி. முடித்த பையன் பி.காம். சேர்ந்தாலும் சரி, பெண் டிப்ளமா சேர்ந்தாலும் சரி, லேப்டாப் இல்லாமல் காலந்தள்ள முடியாது என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. பாடக் குறிப்பு, வீட்டுப்பாடம், திட்ட வேலை எல்லாம் அதில்தான். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் அங்குள்ள மாணவர்களுக்கு. கர்நாடகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது எட்டாது. பீன்யாவில் லேத் ஓட்டும் தகப்பனாரும், அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தாவும் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் வாங்கியாக வேண்டும்.

ஓரளவு உபயோகமான புதிய லேப்டாப் என்றால் 30,000 ரூபாய்க்குக் குறையாது. பழையது 12,000, 15,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாதச் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறவர் பழையதைத் தேடிப் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பழையதை வாங்குவது கௌரவக் குறைவும் அல்ல. நல்ல நிலையில் இருக்கும் பழைய லேப்டாப் மூன்று நான்கு வருடம் தாராளமாக உழைக்கும்.

ஆனால் அதை யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. முன்பின் தெரியாத தனி நபர் ஒருவர் செல்போனில் விளம்பரம் கொடுக்கிறார். மெட்ரோ நிலைய வாசலுக்கோ, டீக்கடைக்கோ வரச் சொல்கிறார். பையிலிருந்து பொருளை எடுத்துக் காட்டுகிறார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பொருள் ஓடுகிறதா என்று பார்த்தவர்கள் அது அவருடைய பொருள்தானா என்று பார்ப்பதில்லை. பின்னால் வரும் தொல்லைகளில் பெரியது இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

வண்டிக்கு ஆர்.சி. உண்டு, லேப்டாப்புக்கு?

பழைய ஸ்கூட்டர் ஒன்றை 15,000 ரூபாய்க்கு வாங்கும்போது நம்மவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்! ஆர்.சி. புத்தகம் எங்கே, இன்ஷூரன்ஸ் எங்கே, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று கேட்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. ஊரில் மாட்டுச் சந்தைக்குப் போனாலும் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், விற்கிறவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். அதே 15,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கம் எங்கோ போய்விடுகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. செல்போனுக்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறது. மத்திய அரசு 2023ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி சேவை மூலம், பழைய செல்போன் வாங்குகிறவர் அந்த எண்ணைக் கொடுத்து அது முடக்கப்பட்ட போனா என்று பார்த்துக்கொள்ள முடிகிறது. லேப்டாப்புக்கு இப்படிப்பட்ட பொதுப் பதிவேடு கிடையாது. அதன் அடியில் தயாரிப்பாளர் ஒட்டிய ஒரு சீரியல் எண் இருக்கிறது, அவ்வளவுதான். திருடு போன லேப்டாப்பா, இல்லையா என்று சாதாரண மனிதர் தெரிந்துகொள்ள அரசாங்க வழி எதுவும் இல்லை.

ஆகவே லேப்டாப்புக்கு ஆர்.சி. புத்தகம் போல இருப்பது அதை முதலில் வாங்கியபோது கொடுத்த ரசீது ஒன்றுதான். அந்தக் காகிதம் இல்லாத லேப்டாப்பை வாங்குகிறவர் விற்கிறவரின் வாய்வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கிறார்.

சரக்கு எங்கிருந்து வருகிறது?

தனி நபர்கள் விற்கும் லேப்டாப் எல்லாம் திருட்டுச் சரக்கு என்று சொல்வது அநியாயம். புதிது வாங்கியதால் பழையதை விற்கிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், பணமுடையால் விற்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் நேர்மையானவர்கள். ஆனால் அவர்களுடைய விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே வேறு இரண்டு வகைச் சரக்கும் நிற்கிறது.

ஒன்று, கம்பெனிச் சொத்து. பெங்களூரில் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு லேப்டாப் கொடுத்து வேலை வாங்குகின்றன. 2020ஆம் ஆண்டு கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது லேப்டாப்புகள் வீடு தேடிப் போயின. வேலையை விட்டுப் போகிறவர் அதைத் திருப்பித் தர வேண்டும். தராமல் தம்முடையது போல விற்றுவிடுகிறவரும் உண்டு. அவர் பார்வைக்குக் கௌரவமானவராகத்தான் இருப்பார். நன்றாகப் பேசுவார், கழுத்தில் அடையாள அட்டை கூடத் தொங்கும். இருந்தும் அந்தப் பொருளை விற்க அவருக்கு உரிமை இல்லை.

மற்றொன்று, அசல் திருட்டு. வாலிபர்கள் கூட்டாகத் தங்கும் பி.ஜி. விடுதிகள் இந்நகரில் ஏராளம். காலையில் குளிக்கப் போன நேரத்தில், கதவு திறந்திருந்த அறையிலிருந்து லேப்டாப் காணாமற்போவது அடிக்கடி கேள்விப்படும் சங்கதி. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் இப்படி விடுதிகளில் திருடியதாகக் கைதான ஒரே நபரிடமிருந்து 24 லேப்டாப்புகளைப் பெங்களூர் போலீசார் கைப்பற்றியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. படித்து உத்தியோகம் பார்த்தவர் அவர் என்பது கவனிக்கத்தக்கது. திருடர் என்றால் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

ரயில் பயணத்தில் பறிபோகும் பைகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவு வண்டியில் பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர் விடிந்ததும் வெறுங்கையோடு இறங்குகிறார். களவு போன பொருள் அப்படியே மறைந்துவிடுவதில்லை. ஒருவருடைய கைக்கு வந்து சேர்கிறது. அந்த ஒருவர் விவரம் தெரியாமல் வாங்கிய ஏழைத் தகப்பனாராக இருந்துவிட்டால் என்ன ஆகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

"நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன், என்னிடமிருந்து எப்படிப் பிடுங்க முடியும்?" என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, விற்கிறவருக்கு இருக்கும் உரிமையைவிட அதிக உரிமை வாங்குகிறவருக்குப் பொதுவாக வராது என்கிறது. திருடனுக்கு அந்தப் பொருளில் உரிமை இல்லை. ஆகவே அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை. அந்தக் கையிலிருந்து மூன்றாவது கைக்கு மாறினாலும் கதை அதுதான். நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்டால் பொருள் அவருக்குத்தான் போகும்.

இது பண நஷ்டம். இதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதன் 317ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற நோக்கத்துடன் அதை வாங்கி வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் 411ஆவது பிரிவாக இருந்தது இதுவே.

தெரியாமல் வாங்கியவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் தெரியாமல்தான் வாங்கினேன் என்று எதை வைத்துச் சொல்வது? 40,000 ரூபாய் பெறுமான பொருளை 9,000 ரூபாய்க்குக் கொடுத்தான், ரசீது கேட்கவில்லை, சார்ஜர்கூட இல்லை, அவன் பெயரும் விலாசமும் தெரியாது, பணத்தை ரொக்கமாகக் கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், உமக்குச் சந்தேகமே வரவில்லையா என்றுதான் விசாரிக்கிறவர் கேட்பார். ரசீதின் நகலும், விற்றவர் கையெழுத்திட்ட ஒரு துண்டுக் காகிதமும், வங்கி வழியாகப் பணம் போன கணக்கும் கையில் இருந்தால் பதில் சொல்வது எளிது. அவை இல்லாதவருக்கு அந்தக் கேள்வியைத் தாண்டுவது கஷ்டம்.

வெளியூர்க்காரருக்கு இரட்டைச் சுமை

இந்தத் தொல்லை யாருக்கு வந்தாலும் தொல்லைதான். பிழைப்புக்காக வந்த நம்மவர்களுக்கு வந்தால் இரண்டு மடங்கு. ஆதார் அட்டையில் விலாசம் தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும். குடியிருக்கும் ஒற்றை அறைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதியிருக்க மாட்டார்கள். காவல் நிலையத்தில் எழுதுவது கன்னடத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடும் நிலை வரலாம். ரயிலில் திருடு போன லேப்டாப்பாக இருந்து, வழக்கு வேறு மாநிலத்து ரயில்வே போலீசில் பதிவாகியிருந்தால் விசாரணைக்கு அங்கே நடக்க வேண்டும். குற்றவாளியாகச் சேர்க்காமல் சாட்சியாகவே கூப்பிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது.

மத்திய அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்குள்ள ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி, ஓர் ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்பட்டால் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படுவார். பிறகு வழக்கிலிருந்து விடுபட்டு வரலாம். ஆனால் அதற்குள் பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய மாதங்களையும், பதவி உயர்வுப் பட்டியலில் இழந்த இடத்தையும், பக்கத்து மேசைக்காரரின் பார்வையையும் யார் ஈடுகட்டுவது? 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முதலுக்கே மோசம் வந்த கதை இது.

பொருளில் இருக்கும் பொய்கள்

சொந்தம் யாருடையது என்ற கேள்வி தீர்ந்த பிறகு பொருளின் தரத்தைப் பார்க்க வேண்டும். இதிலும் தனி நபரிடம் வாங்குகிறவருக்குப் பாதுகாப்புக் குறைவு. அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்கிறவர்மீதுதான் சரக்கு விற்பனைச் சட்டம் தரத்துக்கான பொறுப்பைச் சுமத்துகிறது. எப்போதோ ஒருமுறை தம் சொந்தப் பொருளை விற்கிறவர்மீது அந்தப் பொறுப்பு இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், அவர் வியாபாரி அல்லவே என்ற கேள்வி குறுக்கே நிற்கும். ஆகவே வாங்கும்போதே கண்ணை விழித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

"ஐ5 மெஷின் சார், நல்ல ஸ்பீடு" என்று விற்கிறவர் சொல்வார். ஐ5 என்பது 2009ஆம் ஆண்டிலிருந்து வந்துகொண்டிருக்கும் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் வயது தெரியும். ஐ5-6300 என்றால் ஆறாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10, 11 என்று தொடங்கினால் பத்தாம், பதினோராம் தலைமுறை. இன்டெல் லேப்டாப்பில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறையாகக் கிடைக்காது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தந்துவந்த வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதன்பின் தந்த நீட்டிப்பும் தற்காலிக ஏற்பாடுதான். இந்தத் தேதியை ஒட்டிப் பழைய லேப்டாப்புகளைக் கழித்துக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். மலிவுக்குக் காரணம் பல சமயம் இதுவே. தட்டச்சுப் பழகவும் பாடம் எழுதவும் மட்டும் என்றால் லினக்ஸ் போட்டு அதையே ஓட்டலாம். ஆனால் அதற்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பூட்டு. கம்பெனி லேப்டாப்புகளில் நிர்வாகப் பூட்டு போட்டிருப்பார்கள். விற்கிறவர் காட்டும்போது எல்லாம் சரியாக ஓடும். வீட்டுக்குக் கொண்டுபோய் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தவுடன் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடு என்று கேட்கும். தொடக்க அமைப்பான பயாஸில் கடவுச்சொல் போட்டிருந்தால் விண்டோஸை அழித்தாலும் அது போகாது. ஆப்பிள் லேப்டாப்பில் பழைய சொந்தக்காரர் தம் கணக்கிலிருந்து அதை விடுவிக்காமல் விற்றிருந்தால், அழித்துப் போட்ட பிறகு அவருடைய கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. இந்தப் பூட்டுகள் எல்லாம் உண்மைச் சொந்தக்காரரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டவை. அவற்றை உடைத்துத் தருவதாகச் சொல்லும் ஆசாமியைத் தேடிப் போவது சந்தேகத்தை நம் தலையில் நாமே ஏற்றிக்கொள்வதாகும்.

பேட்டரியை மறந்துவிடக் கூடாது. விண்டோஸ் லேப்டாப்பிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. விவரம் தெரிந்த பையன் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவான். புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் தெரியும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதிய பேட்டரியின் விலையை நாம் கொடுக்கும் பணத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, விரலால் தடவும் பலகை மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அது தீப்பிடிக்கக் கூடியது. நாலு பேர் படுத்துறங்கும் ஒற்றை அறையில் அதை இரவு முழுவதும் சார்ஜில் போடுவது விபரீதம்.

அட்வான்ஸ் கேட்பவரும் கியூ.ஆர். அனுப்புபவரும்

பொருளே இல்லாமல் விற்கிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றல் உத்தரவு வந்துவிட்டதால் அவசரமாக விற்பதாகவும் சொல்வார்கள். சீருடையோடு ஒரு படமும், அடையாள அட்டையின் படமும் வரும். விலை மலிவாக இருக்கும். நேரில் பார்க்க வரலாமா என்றால், முகாமுக்குள் வெளியாரை விட மாட்டார்கள், அட்வான்ஸ் அனுப்பினால் பார்சலில் வரும் என்பார்கள். பணம் போன பிறகு அந்த நம்பர் எடுக்காது. ராணுவத்தின்மீது மக்களுக்கு இருக்கும் மரியாதையை முதலாக வைத்து நடக்கும் மோசடி இது.

கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வதும் வழக்கமான தந்திரம். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க எந்த எண்ணும் போட வேண்டியதில்லை. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் கை மாறுவதற்குள் வங்கியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, அசல் ரசீது. அதில் சீரியல் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரசீதில் உள்ள எண், லேப்டாப்பின் அடியில் உள்ள எண், பயாஸ் திரையில் காட்டும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அடியில் ஒட்டியதைச் சுரண்டியிருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். பெரிய தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் என்ன மாடல், உத்தரவாதம் எந்தத் தேதி வரை என்று வரும். விற்கிறவர் சொல்வதோடு அது ஒத்துப்போக வேண்டும். அரசு முத்திரை உள்ள இலவச லேப்டாப் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொட வேண்டாம்.

இரண்டாவது, விற்றதற்கான எழுத்து. விற்கிறவர் பெயர், விலாசம், தேதி, விலை, சீரியல் எண், தமக்கு அது எப்படிக் கிடைத்தது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்திட வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிவிடுவது நல்லது. அடையாள அட்டையின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தைப் பொருள் கைக்கு வந்த பிறகு, அதே பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்ப வேண்டும். தம்பி கணக்கு, சிநேகிதர் கணக்கு என்றால் வேண்டாம்.

மூன்றாவது, கம்பெனி லேப்டாப் என்றால் கம்பெனி கொடுத்த கடிதம். ஊழியருக்கு விற்றுவிட்டோம் என்றோ, கழித்துவிட்டோம் என்றோ எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, கண்ணெதிரே சோதனை. விற்கிறவரையே தம் விவரங்களை எல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கி இன்டர்நெட்டில் இணைக்கச் சொல்ல வேண்டும். ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்தால் எழுந்து வந்துவிடலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். விசை, கேமரா, ஒலி, கீல் எல்லாவற்றையும் பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளாமல் அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. தட்டும் எழுத்துகளை ஒற்றுக் கேட்கும் நிரலைப் பழைய சொந்தக்காரர் தெரிந்தோ தெரியாமலோ விட்டுவைத்திருக்கலாம்.

"ரசீதெல்லாம் கேட்டால் எவன் விற்பான்?"

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். நாலு வருடத்துக்கு முந்திய ரசீதை யார் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள், இத்தனையும் கேட்டால் விற்கிறவன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விடுவான், நம்மைப் போன்றவர்களுக்கு ஏது கதி என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இப்போது பெரும்பாலோர் ஆன்லைனில் வாங்குகிறார்கள். அந்த ஆர்டரும் ரசீதும் அவர்கள் கணக்கிலேயே கிடக்கும். செல்போனில் இரண்டு நிமிடம் தேடினால் கிடைத்துவிடும். கடையில் வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கில் அந்தத் தேதியில் பணம் போனது தெரியும். உண்மையாகவே சொந்தக்காரராக இருப்பவருக்கு ஏதாவது ஓர் அடையாளம் காட்ட முடியும். கேட்டதும் கோபப்படுகிறவரும், இப்போதே முடிவு சொல், இன்னொருவர் வந்துகொண்டிருக்கிறார் என்று அவசரப்படுத்துகிறவரும் நம்மை விட்டுப் போவதால் நஷ்டம் ஏதுமில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொன்னது வாங்குகிறவருக்கும் பொருந்தும்.

இவ்வளவு விசாரிக்க நேரமில்லை என்பவர் தனி நபரிடம் போகாமல் கடைக்குப் போவதே மேல். எஸ்.பி. ரோட்டில் நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்த லேப்டாப்புகளை வாங்கிச் சரிபார்த்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கேயும் எல்லோரும் அரிச்சந்திரர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. எண்ணும் சீரியல் எண்ணும் போட்ட ரசீதும், சில மாத உத்தரவாதமும் எழுத்தில் கொடுக்கிற கடைக்காரர் நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. தனி நபரைவிடக் கடையில் 2,000, 3,000 ரூபாய் கூடுதலாக ஆகலாம். அதை நிம்மதிக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கங்களும் அரசும் செய்ய வேண்டியது

தனித்தனியாக ஒவ்வொருவரும் உஷாராக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. செல்போனுக்கு இருப்பது போன்ற ஒரு பதிவேட்டை லேப்டாப்புக்கும் மத்திய அரசு ஏற்படுத்த வேண்டும். திருட்டுப் புகாரில் எழுதப்படும் சீரியல் எண்ணை அதில் ஏற்றிவிட்டால் வாங்குகிறவர் யாரும் ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். திருட்டுச் சரக்குக்குச் சந்தையும் குறையும். நிறுவனங்கள் லேப்டாப்பைக் கழிக்கும்போது பூட்டை நீக்கி, சீரியல் எண்ணோடு ஒரு கடிதமும் கொடுக்க வேண்டும். இதில் அவர்களுக்குப் பெரிய செலவு இல்லை.

அரசு செய்யும்வரை இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும், நற்பணி மன்றங்களும், கோயில் கமிட்டிகளும் ஒரு காரியம் செய்யலாம். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு எண்களை ஒத்துப்பார்த்துச் சொல்லலாம். தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்த விற்பனை ரசீதுப் படிவத்தை ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். விற்கிறவரையும் அங்கேயே வரச் சொல்லலாம். நாலு பேர் முன்னிலையில் வர மறுக்கிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. ஆண்டுக்குப் பத்துக் குடும்பங்களைக் காப்பாற்றினாலும் பெரிய தருமம்.

பிள்ளையின் படிப்புக்காக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் இது. சீட்டு எடுத்தும், நகையை அடகு வைத்தும் கொண்டுவந்த பணமாகவும் இருக்கலாம். காசைக் கொடுத்துத் தேளைக் கொட்டிக்கொண்ட கதையாக அது முடியக் கூடாது. லேப்டாப் ஒரு வாரம் தாமதமாக வந்தால் பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடாது. ரசீது இல்லையென்று சொல்கிறவரிடம், தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்புங்கள்.